தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து யோசிக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளம் என்று செய்தி வந்தால் மனம் பதறுகிறது. இரண்டு நாள் அதையே பேசுகிறோம். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறோம். கோயிலில் ஓர் அர்ச்சனை, பள்ளிவாசலில் ஒரு துஆ, தேவாலயத்தில் ஒரு ஜெபம். அடுத்த செய்தி வந்ததும் இது பின்னால் போய்விடுகிறது. இந்தப் பதற்றத்தையே பக்தி என்று எண்ணிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பதறுவது நல்ல மனதின் அடையாளம்தான். ஆனால் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டு, அதில் நம் பங்கு எவ்வளவு என்று பார்த்து, ஏதாவது ஒரு காரியத்தில் கைவைத்த பிறகுதான் அது வழிபாடாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். எப்படித் தொடங்குவது என்பதைத் தாமிரபரணியை வைத்துச் சொல்கிறேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை, சுமார் 128 கிலோமீட்டரும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு இது. இதன் நன்மைக்கும் கேட்டுக்கும் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்ட வழியில்லை. பாபநாசத்தில் சிவன், ஸ்ரீவைகுண்டம் ஆழ்வார்திருநகரிப் பக்கம் நவதிருப்பதிப் பெருமாள்கள், வழியில் மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்கள், முகத்துவாரத்தில் புன்னைக்காயல் மீனவர்களின் தேவாலயம் என்று எல்லாச் சமயத்தாரும் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள். கரையில் இல்லாத கோவில்பட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும்கூடக் குழாயில் போவது இந்தத் தண்ணீர்தான். உங்கள் ஊரில் வேறு ஆறோ ஏரியோ இருந்தால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

1. ஒரு படித்துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘இயற்கையை நேசிக்கிறேன்’ என்று பொதுவாகச் சொல்வதால் எதுவும் பிடிபடாது. ஓர் இடம் வேண்டும். அடிக்கடி போகக்கூடிய, நடந்தோ ஒரு பஸ்ஸிலோ போய்ச்சேரக்கூடிய ஒரே ஓர் இடம். அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை. பாளையங்கால்வாய் ஊருக்குள் புகுந்து கறுத்து ஓடுகிற ஒரு பாலத்தடிகூட நல்ல இடம்தான். சொல்லப்போனால், மலையில் உள்ள பாணதீர்த்த அருவியைவிட அது நமக்குக் கற்றுக்கொடுப்பது அதிகம்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீர் வரும் பக்கத்தில் சுவர் படகின் முனைபோலக் கூராக இருக்கும், வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போவதற்காக. மூலவர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர், அவரை அசைக்க முடியாது. வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் பொருட்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஆறு கோயிலுக்குள் வரும், வேண்டிய நாள் இருக்கும், போகும். வடிந்ததும் சகதியை வாரி, கழுவி, விளக்கேற்றிப் பூசையைத் தொடர்வார்கள்.

கோயிலுக்குள் தண்ணீர் வந்ததைச் சாமி குற்றமென்று இந்த ஊர் சொல்வதில்லை. கட்டியவர்களுக்கு ஆறு வரும் என்று தெரிந்திருந்தது, வர வழிவிட்டுக் கட்டினார்கள், எதைத் தூக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்றும் பழக்கிவைத்தார்கள். இயற்கையும் இறைவனும் மனிதக் கடமையும் எப்படிச் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் நாள் அந்தப் படியில் உட்கார்ந்து சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையைப் பாருங்கள். உங்கள் தலைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. அக்டோபர் முதல் ஜனவரி நடுப்பகுதிவரை ஆற்றில் இறங்காதீர்கள், கரை மேட்டிலேயே உட்காருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழை அணையைத் தாண்டி வந்துவிடும். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

2. முதல் அரைமணி பார்ப்பது மட்டும்

போன் பைக்குள் இருக்கட்டும். ஜபம், ஸ்தோத்திரம், திக்ரு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரின் நிறம் என்ன, எந்தப் பக்கம் வேகம், எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) படர்ந்திருக்கிறதா? இருந்தால் மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது என்று பொருள். அந்தச் செடி கொழுப்பதே கழிவில் வரும் சத்தில்தான். கரைமரத்தில் துணியும் பாலித்தீன் பையும் எந்த உயரத்தில் மாட்டியிருக்கின்றன? அதுதான் கடைசி வெள்ளம் எழுதிவிட்டுப்போன கணக்கு. மீன்கொத்தி, நீர்க்காகம், கொக்கு எது வந்தாலும் பெயர் தெரியாவிட்டால் குறித்துக்கொண்டு பிறகு யாரிடமாவது கேளுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் சில இடங்களில் விடியற்காலையில் நீர்நாய் பார்க்கலாம்.

மனம் ஓடும். கடன், பிள்ளை படிப்பு, அலுவலகச் சண்டை எல்லாம் வரும். அதைத் திட்டிக்கொண்டிருக்காமல் மறுபடி தண்ணீரைப் பார்த்தால் போதும். சிலருக்கு ஒரு பெரிய கால அளவு மனதில் இருந்தால் எளிதாக இருக்கும். இந்த ஆற்றங்கரைச் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் வயது சுமார் 3,200 ஆண்டு என்று ஆய்வகச் சோதனை சொல்கிறது. கடலோரத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. அவ்வளவு காலமாக இதே ஆறு சோறு போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், நம் அவசரம் தானாகக் குறையும்.

எழுந்திருக்கும் முன் பார்த்ததில் மூன்று வரி எழுதுங்கள். கண்ட விவரம் மட்டும் போதும், கருத்து இன்னும் வேண்டாம்.

3. ஒரு செய்தியை எடுத்துப் பிரிப்பது

இதுதான் பயிற்சியின் நடுப்பகுதி, பலர் தடுமாறுவதும் இங்கேதான். வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி. உங்கள் படித்துறைக்குத் தொடர்புள்ளதாக இருக்கட்டும். தொலைக்காட்சி விவாதத்தை வைத்துத் தொடங்காதீர்கள். நடந்தது என்ன என்று இரண்டு செய்தித்தாளிலாவது படித்து, முதலில் வானம் செய்தது எது, மனிதர் செய்தது எது என்று பிரித்து எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, 2023 டிசம்பர் 17, 18இல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வந்த வெள்ளம். வானம் செய்தது: காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிட இது அதிகம். அதே நேரம் மலையிலும் கொட்டியது, அணைகளில் இருந்து தண்ணீரைத் திறந்தே ஆக வேண்டியதாயிற்று. இவ்வளவு மழையை எந்த ஊரும் சேதமில்லாமல் தாங்கியிருக்க முடியாது என்பதை முதலில் மனதார ஒத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த பத்தியை நேர்மையாக எழுத முடியும்.

மனிதர் செய்தது அடுத்தது. கரை பலப்படாத குளங்கள் வரிசையாக உடைந்தன. மேலே ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் கீழே உள்ள குளத்தை உடைக்கும், ஏனென்றால் இவை எல்லாம் கால்வாயால் கோத்த குளங்கள். தண்ணீர் போக வேண்டிய ஓடைகளில் வீடும் கடையும் எழுந்திருந்தன. திருநெல்வேலியில் ஜங்ஷன், மீனாட்சிபுரம், சி.என். கிராமம் எல்லாம் தண்ணீரில் நின்றன. நெல்லையின் புதிய பஸ் நிலையம் இருப்பதே வேய்ந்தான்குளத்தில்தான், பெயரிலேயே குளம் இருக்கிறது. கடைமடையில் ஏரலும் ஆத்தூரும் ஸ்ரீவைகுண்டமும் பட்டது, மேலே நாம் பல ஆண்டாகச் செய்துவைத்ததன் பாரமும் சேர்ந்துதான்.

மூன்றாவதாக ஒன்றும் எழுதுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். அந்த நாளில் யார் நல்லது செய்தார்கள்? திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. மேலே பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய்விட்டது என்று தெரிந்து நிலையத்தில் இருந்தவர்கள் வண்டியை விடாமல் நிறுத்தினார்கள். சுமார் 800 பயணிகள். வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சுற்றிலும் வெள்ளம், சாலை இல்லை, ஹெலிகாப்டர் வரும்வரை பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்களே நனைந்துகிடந்த நேரத்தில் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி, எந்தச் சாமி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இந்த மூன்றையும் எழுதிய பிறகு மட்டும் கடவுளைப் பற்றி யோசியுங்கள். ‘இது கடவுள் கொடுத்த தண்டனை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்த வார்த்தை வீடிழந்தவர் காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். ஓடையை அடைத்தவர் ஒருவர், கூரை இழந்தவர் இன்னொருவர் என்றால், அதைத் தண்டனை என்று சொல்வது இறைவன் மேல் அபாண்டம். ‘எல்லாம் அரசாங்கம்தான்’ என்று முடித்துக்கொள்வதும் பாதி உண்மை. அரசாங்கத்தின் கடமை பெரிது, அதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று பின்னால் வருகிறது. ஆனால் ஓடையில் மனை வாங்கியவரும் விற்றவரும் பத்திரம் பதிந்தவரும் நம்மைப் போன்றவர்கள்தான்.

4. என் பங்கைக் கணக்குப் பார்ப்பது

கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்று ஒன்று செய்வார்கள்: பாவத்தைக் குருவிடம் ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் தன் நடத்தையைத் தானே வரிசையாகப் பார்ப்பது. அந்த முறை எல்லோருக்கும் பயன்படும். நோட்டில் இரண்டு பக்கம் திறந்துகொள்ளுங்கள். இடதுபுறம் ‘என் கையில் இருப்பது’, வலதுபுறம் ‘நான் போய்க் கேட்க வேண்டியது’.

இடதுபுறத்தை நிரப்ப நான்கைந்து கேள்விகள். உங்கள் வீட்டு அடுக்களைத் தண்ணீர் எங்கே போகிறது? தெருச் சாக்கடை வரை சொல்லிவிடுவோம், அதற்குப் பிறகு? ஒரு மாலையில் அதைத் தொடர்ந்து நடந்து பாருங்கள். கழிப்பறைத் தொட்டிக்குக் கசிவுக் குழி இருக்கிறதா, அல்லது பைப் நேராக வாய்க்காலில் இறங்குகிறதா? தொட்டி அள்ளும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டிருக்கிறீர்களா? வீட்டு மாடியில் விழுகிற மழை தெருவுக்குப் போகிறதா, மண்ணுக்குள் போகிறதா?

வீடு சொந்தமென்றால் இன்னொன்று. பழைய பத்திரத்தை எடுத்து நான்குமால் (மனையின் நான்கு பக்க எல்லை) எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். ‘வாய்க்காலுக்குக் கிழக்கு’, ‘ஓடைக்கு வடக்கு’ என்று இருந்து, இன்று அந்த இடத்தில் வாய்க்காலும் ஓடையும் கண்ணில் படவில்லை என்றால் அது எங்கே போயிற்று என்று யோசிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்லும் பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவுப் படம்) வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் புல எண்ணுக்கு (சர்வே நம்பர்) பக்கத்து எண்கள் குளம், வாய்க்கால், ஓடை என்று பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மனை வாங்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு வாஸ்து பார்த்துப் பயனில்லை.

ஒன்றை மட்டும் கவனமாக இருங்கள். இந்தக் கணக்கு குற்ற உணர்ச்சியில் மூழ்குவதற்கு இல்லை. வாடகைக்கு ஒற்றை அறையில் இருக்கிறவர் ஊருக்கே சாக்கடைத் திட்டம் இல்லாததற்குத் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. அது வலதுபக்கத்தில் வரவேண்டியது. ஆற்றில் கழிவுநீர் கலப்பது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை வழக்காகப் போயிருக்கிறது. யாரோ ஒருவர் வலதுபக்கத்தை எழுதி, அதோடு நிற்காமல் நடந்ததால்தான் அது நடந்தது. இரண்டு பக்கத்திலும் அடங்காதது மிச்சமிருக்கும்: பருவம் தவறுவது, கடல் சூடாவது, இறந்துபோனவர்கள். அதை வைத்து வேண்டிக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் வரும்போது வேண்டுதலுக்கு வேறு கனம் வருவதை நீங்களே உணர்வீர்கள்.

5. நம் சடங்கையே முதலில் திருத்துவோம்

ஆற்றைப் பற்றிப் பேசுகிற ஆன்மிகவாதிக்கு மிகக் கடினமான இடம் இது. தொழிற்சாலையைக் குறைசொல்வது எளிது. பாபநாசம் படித்துறைக்குப் போய் நின்று பாருங்கள். பொரிக்காக மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறக்கும், பிள்ளைகள் கைதட்டும். அந்த மீன்களுக்குக் கீழே, பாறை இடுக்கில், ஒரு நீலப் பாலியெஸ்டர் சேலை நீளமாக ஆடிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு வேட்டி, அதன்மேல் பச்சைப்பாசி பிடித்த ஒரு சட்டை. பரிகாரம் செய்து குளித்தவர்கள், உடுத்திவந்த துணியை ஆற்றில் விட்டால் பாவமும் கூடவே போய்விடும் என்று விட்டவை. தன்னார்வலர்களும் தூய்மைப் பணியாளர்களும் இதை டன் கணக்கில் வாரி எடுத்திருக்கிறார்கள். செயற்கை இழைத் துணி மக்காது. பாறையில் சுற்றும், மீனைச் சிக்கவைக்கும், அப்படியே கீழே போய்க் குடிநீர் எடுக்கிற உறைகிணறுகளின் பக்கம் தங்கும். நம் பாவத்தை அடுத்த ஊர்க்காரர் குடிக்கிற தண்ணீரில் விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக வீட்டுக்குப் போவது?

பரிகாரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பித்ருக்களுக்குச் செய்கிற கடமை நல்ல மனதில் இருந்து வருவது. செய்யும் விதத்தை இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

தர்ப்பணத்துக்கு எள், தர்ப்பை, நீர் போதும். எள்ளை வீட்டிலிருந்தே சிறு செம்பிலோ வாழையிலையிலோ கொண்டுபோங்கள், கரையில் விற்கும் பாலித்தீன் பொட்டலம் வேண்டாம். எண்ணெய், சீயக்காய், ஷாம்பு எதுவும் ஆற்றில் வேண்டாம். வீட்டில் தேய்த்துக் குளித்துவிட்டு ஆற்றில் வெறும் தண்ணீரில் முழுகுங்கள். உடுத்திய துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து துவையுங்கள். விடுவதுதான் பரிகாரம் என்று மனம் கேட்கவில்லை என்றால், ஒரு புதுத் துணி வாங்கி இல்லாதவருக்குக் கொடுங்கள். தானம் எந்தப் பரிகாரத்துக்கும் குறைந்தது ஆகாது.

சடங்கு நடத்திவைக்கிறவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “சாமி, துணியை ஆத்துல விடாம செய்யலாமா?” என்று. பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். துணி விடுகிறவரைத் தடுக்க நேர்ந்தால் குரலை உயர்த்தாதீர்கள். துக்கத்தில் வந்திருப்பார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி ஒரு பையனிடம் சொன்னதைக் கேட்டேன். அதைவிடச் சிறப்பாகச் சொல்ல முடியாது: “ஏய்யா, ஒங்க அப்பா உடுத்துன வேட்டிய ஏன் தண்ணியில விடுத? அவாளுக்குப் பிடிச்ச யாருக்காவது குடுய்யா. இந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கோம்.” பையன் ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே நாம் விருந்தாளி. திருவிழாக் கூட்டத்துக்காகச் சொந்த வண்டிகளை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் அனுப்புவதும், தங்குகிற நாட்களைக் குறைப்பதும் உண்டு. கட்டுப்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறும், புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ‘எங்கள் குலசாமி கோயிலுக்குப் போவதைத் தடுக்க இவர்கள் யார்?’ என்று கோபப்படுகிறவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடில் போட்டுத் தங்கிய குடும்பங்கள் அவை. ஆனால் அந்தத் தலைமுறைகள் பனையோலைப் பெட்டியில் சோறு கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் டயபரும் நாம் கொண்டுபோவது. எடுத்துப்போனதை எல்லாம் திருப்பி எடுத்துவந்தால் அந்தக் கட்டுப்பாட்டில் பாதி தேவைப்படாது.

இஸ்லாமிய நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஓடுகிற ஆற்றங்கரையில் உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்பது நபிகள் நாயகத்தின் அறிவுரை. பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்தில் குழாயைச் சன்னமாகத் திறப்பதும் வழிபாட்டின் பகுதிதான்.

6. ஒரு காரியம், ஒரு தேதி

நோட்டில் எழுதியதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேதி போடுங்கள். ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவேன்’ என்பது காரியம் ஆகாது. ‘வரும் ஞாயிற்றுக்கிழமை மாடிப் பைப்பைக் கிணற்றுப் பக்கம் திருப்பக் கொத்தனாரைக் கூப்பிடுவேன்’ என்பது காரியம்.

வலதுபக்கத்துக் காரியங்களுக்கு வழி உண்டு. கிராமத்தில் இருக்கிறவர்களுக்குக் கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள். இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். குளத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மழைக்கு முன் வேலை நடக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15க்குள் தீர்மானம் போட்டுவிட வேண்டும். அக்டோபரில் பேசினால் தண்ணீர் வந்துவிடும். நகரத்தில் இருக்கிறவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

மனு எழுதத் தெரியாமல் பலர் தயங்குகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கால்வாய் அல்லது குளத்தின் பெயர், ஊர், புல எண் தெரிந்தால் அது, என்ன நடக்கிறது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள், இரண்டு போட்டோ. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ‘இந்த மடையை அடைத்திருக்கும் குப்பையை மழைக்கு முன் அகற்றித் தர வேண்டும்’ என்பதுபோல. ஆக்கிரமிப்பு என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிடலாம். ஆனால் அங்கே இருப்பது ஏழைக் குடும்பங்களின் வீடு என்றால் மாற்று இடம் கொடுத்துவிட்டு அகற்றுங்கள் என்று அதே மனுவில் எழுதுங்கள். அதை எழுதாத மனுவில் நியாயம் பாதிதான். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள், அதை நோட்டில் ஒட்டிவையுங்கள்.

கையால் செய்ய விரும்புகிறவர்களுக்கு: ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் நடத்துவது. பறவை தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுப்பார்கள். ஒரு விடியலில் குளத்துக்கரையில் நின்று நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் எண்ணிப் பழகிய பிறகு, அந்தக் குளத்தில் யாராவது மண்ணடித்தால் உங்களால் சும்மா இருக்க முடியாது.

ஊராகச் சேர்ந்து செய்ய முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கூந்தன்குளத்துக்குப் போய்வாருங்கள். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்தது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும், எச்சத்தின் நாற்றத்தை யாரும் குறையாகச் சொல்வதில்லை. குஞ்சு கீழே விழுந்தால் எடுத்து வளர்ப்பார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதற்கு எந்தச் சட்டமும் முதலில் வரவில்லை, பழக்கம்தான் முதலில் வந்தது.

7. நாலு பேராக உட்காருங்கள்

தனியாகச் செய்தால் சில வாரத்தில் சோர்வு வரும். மனு நகராது, சுத்தம் செய்த துறை மறுவாரம் பழையபடி கிடக்கும், செய்திகள் மோசமாகிக்கொண்டே போகும். அப்படி வரும்போது செய்தி பார்ப்பதை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் படித்துறைக்கு மட்டும் போங்கள். இரண்டாவது படியை மட்டும் செய்யுங்கள். அதோடு இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு சமயத்தார் ஒருவராவது இருந்தால் நல்லது, இருக்கிற பேச்சே திரும்பத் திரும்ப வராது.

கூடும் முறை எளிது. ஒருவர் அந்த வாரச் செய்தியைப் பிரித்து எழுதியதை வாசிப்பார், 10 நிமிடத்துக்குள். பிறகு கால்மணி நேரம் யாரும் பேசாமல் ஆற்றைப் பார்ப்பது. அதன்பின் ஒவ்வொருவரும் போன வாரம் செய்வதாகச் சொன்ன காரியம் நடந்ததா என்று சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் ஏன் என்று யாரும் குடையக் கூடாது, அடுத்த தேதி மட்டும் போட்டுக்கொள்வது. அரசியல் கட்சிச் சண்டை ஆரம்பித்தால் நோட்டைத் திறந்து, ‘இது இடதுபக்கமா, வலதுபக்கமா?’ என்று கேளுங்கள், பேச்சு தானாக வழிக்கு வரும். முடிவில் அவரவர் முறையில் வேண்டிக்கொள்ளலாம், விரும்பாதவர் சும்மா இருக்கலாம்.

பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குப் பிரசங்கம் வேண்டாம். பாபநாசத்தில் இருந்து புன்னைக்காயல்வரை ஆற்றை ஒரு நீளத் தாளில் வரையச் சொல்லுங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டையும் குறித்து, எந்தக் கால்வாய் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு நிரப்பட்டும். பாதிப் பெரியவர்களுக்குத் தெரியாது. சேர்ந்து தேடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கூடும் இடத்தைக் கரையில் இருந்து மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொருவர் போனிலும் 1070 (மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டம்) இரண்டும் பதிவாகியிருக்கட்டும். உங்கள் தெருவில் தனியாக இருக்கிற முதியவர்கள், படுக்கையில் இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, வெள்ள அறிவிப்பு வந்தால் யார் யாரைப் போய்க் கூட்டிவருவது, எந்த வீட்டு மாடிக்கு என்று அக்டோபர் முதல் வாரத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள்.